சபையில் பாடிய பாட்டு வீட்டிலும் ஒலிக்க: குடும்ப ஜெபம் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கன்வென்ஷன் கூட்டம் முடிந்து பந்தலை விட்டு வருகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? கடைசிப் பாட்டு இன்னும் வாயில் இருக்கும். செருப்பைத் தேடும்போதும் முணுமுணுப்பார்கள். ஆட்டோவில் ஏறிய பிறகும் அது நிற்காது. வீட்டுப் பூட்டைத் திறந்ததும் நின்றுவிடும். பள்ளிச் சீருடை காய்ந்ததா, மாவு புளித்துவிட்டதா, மின்கட்டணம் கட்டியாயிற்றா என்று வீடு தன் பேச்சைத் தொடங்கிவிடும். பிறகு அந்த மகிழ்ச்சிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் வழி.

சபைக்குப் புதிதாக வந்தவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைப் பற்றித்தான். "ஆலயத்தில் மனம் நிறைந்திருக்கிறது. வீட்டில் ஜெபிக்க உட்கார்ந்தால் வறண்டுபோகிறது. என்ன செய்வது?" ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவள் என்ற முறையிலும், பாடகர் குழுவில் நெடுங்காலம் நின்றவள் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். கூட்டத்திலிருந்து வீட்டுக்கு எடுத்துவர வேண்டியது ஒரே ஒரு பாட்டு, அதுவும் மனப்பாடமாக. வாசிப்பும் ஜெபமும் அந்தப் பாட்டின் கையைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

கூட்டத்தில் நம்மைத் தாங்குகிறவை பல. நூற்றுக்கணக்கான குரல்கள் நம் குரலைத் தூக்கிவிடுகின்றன. கீபோர்டு சுருதியைப் பிடித்துக் கொடுக்கிறது. டிரம்ஸ் தாளத்தைப் பார்த்துக்கொள்கிறது. பாட்டு நடத்துகிறவர் அடுத்த அடியை முன்னதாகவே எடுத்துக் கொடுக்கிறார். வாயைத் திறந்தால் போதும், பாட்டு நம்மைக் கொண்டுபோய்விடும். வீட்டில் இருப்பவை மூன்று நான்கு குரல்கள். அவற்றில் ஒன்று மூச்சு வாங்கும் ஆச்சியுடையது, இன்னொன்று முன்பல் விழுந்த பிள்ளையுடையது. இங்கே கூட்டத்தின் ஓசையை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். அந்தக் குறையை ஈடுகட்ட, கைப்பேசியில் பாட்டை ஓடவிட்டு அதனுடன் சேர்ந்து பாடப் பலர் முயல்கிறார்கள். நான் பார்த்த வீடுகளில் எல்லாம் ஒரே கதைதான். கொஞ்ச நாளில் குடும்பம் பாடுவதை விட்டுவிட்டுக் கேட்கத் தொடங்கும். பிறகு கேட்பதும் நின்று, பாட்டு ஓடும்போதே ஆளுக்கொரு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். குடும்ப ஜெப நேரத்தில் கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும்.

வீடும் ஆலயமும்: நம் முன்னோர் செய்தது

தாவீது ராஜா, பத்துக் கட்டளைகளின் கற்பலகைகள் வைக்கப்பட்ட உடன்படிக்கைப் பெட்டியை எருசலேமுக்குக் கொண்டுவந்த நாளை இரண்டாம் சாமுவேல் 6ஆம் அதிகாரம் விவரிக்கிறது. ஊரே கெம்பீரமாக ஆர்ப்பரித்தது, எக்காளம் முழங்கியது, ராஜா தன் முழுப் பலத்தோடும் நடனம் பண்ணினார். கூட்டத்துக்கு வந்த ஆண், பெண் ஒவ்வொருவருக்கும் அப்பமும் இறைச்சியும் பங்கிட்டுக் கொடுத்து அனுப்பிவைத்தார். இதைச் சொல்லிவிட்டு வேதம் அடுத்து ஒரு வரி சொல்கிறது: தாவீது தன் வீட்டாரை ஆசீர்வதிக்கத் திரும்பினார். ஊருக்குக் கொடுத்த மகிழ்ச்சியில் வீட்டாருக்கும் பங்கு உண்டு என்று அவர் நினைத்திருக்கிறார். வாசலில் அவரை எதிர்கொண்டதோ அவர் மனைவி மீகாளின் ஏளனம். அந்த அதிகாரத்தில் என்னை அதிகம் தொடுவது இந்த இடம்தான். ராஜாவுக்கே வீட்டில் அது எளிதாக இருக்கவில்லை. அதற்கு முன் அந்தப் பெட்டி மூன்று மாதம் ஓபேத்ஏதோம் என்பவருடைய வீட்டில் இருந்தது, அவர் வீட்டார் அனைவரும் ஆசீர்வதிக்கப்பட்டார்கள் என்பதும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது.

இஸ்ரவேலர் எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகை தொடக்கத்திலேயே வீட்டுப் பண்டிகை. ஆட்டுக்குட்டி வீட்டுக்கு ஒன்று. "இந்த ஆராதனையின் கருத்து என்ன" என்று பிள்ளைகள் கேட்பார்கள், அப்போது பதில் சொல்லுங்கள் என்று யாத்திராகமம் 12ஆம் அதிகாரம் பெற்றோருக்குச் சொல்லிவைக்கிறது. ஆண்டவர் சிலுவைப் பாடுகளுக்குப் போகுமுன் சீஷர்களோடு ஸ்தோத்திரப் பாட்டுப் பாடியதும் ஒரு வீட்டின் மேல்மாடியில்தான். எருசலேமின் முதல் விசுவாசிகள் தேவாலயத்தில் அநுதினமும் கூடினார்கள், வீடுகள்தோறும் அப்பம் பிட்டு மகிழ்ச்சியோடு சாப்பிட்டார்கள் என்று அப்போஸ்தலர் 2ஆம் அதிகாரம் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது.

தமிழ்ச் சபைகளிலும் இதன் வேர் ஆழமானது. ஜெர்மனியின் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தின் (கேள்வி பதிலாக விசுவாசத்தைக் கற்பிக்கும் சிறு நூலின்) பகுதிகளுக்கு, குடும்பத் தலைவர் தன் வீட்டாருக்கு எளிமையாகக் கற்பிக்க வேண்டிய விதம் என்ற பொருளில்தான் தலைப்பிட்டார். காலை ஜெபம் முடிந்ததும் ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு மகிழ்ச்சியோடு வேலைக்குப் போ என்பது அதில் அவர் தரும் அறிவுரை. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு அந்த ஞானோபதேசத்தைத் தமிழில் மொழிபெயர்த்தார். ஜெர்மன் மெட்டிலேயே பாடும் ஞானப்பாட்டுகளும் அந்தக் காலத்திலேயே தமிழுக்கு வந்தன. பிறகு நம் ராகங்களிலும் தாளங்களிலும் கீர்த்தனைகள் பிறந்தன. திருநெல்வேலியில் 1774இல் பிறந்து, தஞ்சாவூரில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் கல்வி கற்ற வேதநாயகம் சாஸ்திரியார் 1864இல் மறையும்வரை எழுதிக் குவித்தவற்றில் பல இன்றும் சபைகளில் பாடப்படுகின்றன. எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டிமார்கூட அந்தக் கீர்த்தனைகளைக் கேட்டுக் கேட்டே மனப்பாடமாக்கி வைத்திருந்தார்கள். மாவாட்டும்போதும் பிள்ளையைத் தூங்கவைக்கும்போதும் அவர்கள் வாயில் ஒலித்தது ஞாயிற்றுக்கிழமையின் பாட்டுதான். நாம் தொடங்கப்போவது அவர்கள் விட்ட இடத்திலிருந்து.

முதல் படி: கூட்டம் முடியுமுன் ஒரு பாட்டைப் பிடியுங்கள்

ஆராதனையில் உங்கள் மனத்தைத் தொட்ட பாட்டின் எண்ணை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். கீர்த்தனைப் புத்தகமா, பாமாலையா, சபையார் அச்சிட்ட பாட்டுத்தாளா என்பதையும் எழுதுங்கள். வீட்டுக்கு வந்து தேடிக்கொள்ளலாம் என்று விட்டால் வாரத்தின் வேலையில் மறந்துபோகும். பிறகு திரும்பும் வழியில் பஸ்ஸிலோ பைக்கின் பின்னால் உட்கார்ந்தோ, எந்த வாத்தியமும் இல்லாமல் அந்தப் பாட்டைப் பாடிப் பாருங்கள். பல்லவி முழுவதும் நினைவில் வருகிறதா? இசை இல்லாமல் அது நிற்கிறதா? நின்றால் அது வீட்டுக்கு ஏற்ற பாட்டு.

மேடையில் அருமையாக இருக்கும் சில பாடல்கள் வீட்டில் நிற்பதில்லை. ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடி, வாத்தியங்கள் மெல்ல மெல்ல ஏறி, கடைசியில் எல்லாரும் கைகளை உயர்த்தும் வகைப் பாடல்கள் அவை. அந்த ஏற்றத்தைத் தருவது பெரும்பாலும் இசைக்குழு. வீட்டில் அதே அடியைப் பத்து முறை பாடினால் பிள்ளைகள் நெளியத் தொடங்குவார்கள். என்னைக் கேட்டால், வீட்டுக்குக் கீர்த்தனையைப் போல ஏற்றது வேறில்லை. குரலையும் தாளத்தையும் மட்டும் நம்பி அமைந்த வடிவம் அது. பல்லவி சின்னது, சட்டென்று பிடிபடும். சரணங்கள் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ளத் தோதாகப் பிரிந்திருக்கும். பிள்ளைகள் விடுமுறை வேதாகமப் பள்ளியில் கற்றுவரும் சிறு பாடல்களும் நல்லவைதான். அவற்றுக்குப் பெரியவர்களும் கை அசைத்துப் பாட வேண்டும், அவ்வளவே.

தேர்ந்த பாட்டை ஒரு மாதம் மாற்றாதீர்கள். முதல் வாரம் பல்லவியும் அனுபல்லவியும். அடுத்தடுத்த வாரங்களில் ஒவ்வொரு சரணமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டால், பாத்திரம் கழுவும்போதே பாதி மனப்பாடம் ஆகிவிடும். பெரியவர்களுக்கு இரண்டாம் வாரம் அலுப்புத் தட்டும். பிள்ளைகளுக்கோ தெரிந்த பாட்டுத்தான் பிடிக்கும். அவர்களுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஒன்று என்று வைத்தால்கூட ஓராண்டில் பன்னிரண்டு பாடல்கள் புத்தகம் இல்லாமல் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமாகிவிடும். மின்சாரம் போன இரவிலும் மருத்துவமனைக் கட்டில் ஓரத்திலும் கைகொடுக்கிறவை அவைதான்.

இரண்டாம் படி: யார் எடுத்துக் கொடுப்பது?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வீட்டுப் பாட்டு பாதியில் படுத்துவிடுவதற்குப் பக்திக்குறைவைக் காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் சுருதிதான்.

வழக்கமாக அப்பா பாட்டைத் தொடங்குவார். தனக்கு வசதியான தாழ்ந்த சுருதியில் பல்லவியை எடுப்பார். அம்மாவின் குரல் அங்கே இறங்காது, ஏதோ முனகலாக வரும். பிள்ளைகளுக்கு அந்த அடிமட்டமே கிடையாது, பேசுவதுபோல் ஒப்பிப்பார்கள். அடுத்த நாள் ஆர்வத்தில் யாராவது மிக உயர்த்தித் தொடங்குவார்கள். பல்லவி கலகலவென்று போகும். அனுபல்லவி மேலே ஏறும் இடத்தில் எல்லார் தொண்டையும் அடைத்துக்கொள்ளும், ஆச்சிக்கு இருமல் வந்துவிடும், பாட்டு ஒரு சரணத்தோடு முடிந்துபோகும்.

இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. பாட்டில் எந்த அடி மிக உயரமாகப் போகிறது என்று பாருங்கள். கீர்த்தனையானால் பெரும்பாலும் அனுபல்லவியில் இருக்கும். முதலில் அந்த அடியை மெல்லப் பாடிப் பாருங்கள். வீட்டில் மிகச் சிரமப்படும் குரலுக்கும் அது எட்டுகிறதா? எட்டினால் அதே சுருதியில் நின்று பல்லவிக்கு இறங்கித் தொடங்குங்கள். எட்டவில்லையானால் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாளில் அந்தச் சுருதி காதில் ஊறிவிடும், பிறகு பார்க்கவே தேவையிருக்காது.

எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை அம்மாவிடமோ மூத்த பிள்ளையிடமோ கொடுத்துப் பாருங்கள். அவர்களுடைய குரலின் உயரம் சின்னப் பிள்ளைகளின் குரலுக்கு அருகில் இருப்பதால் பிள்ளைகள் சுலபமாகச் சேர்ந்துகொள்வார்கள். ஆண்கள் அதையே கீழ் ஸ்தாயியில் பாடலாம். தாளத்துக்குக் கைதட்டல் போதும். கடைக்குட்டிக்கு ஓர் எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும் கொடுத்துத் தட்டச் சொல்லுங்கள். முதல் நாள் காது வலிக்கும். வாரக் கடைசியில் அவன் தாளத்தோடு தட்டுவான், ஜெப நேரம் எப்போது என்று அவனே கேட்பான். கஞ்சிராவோ ஹார்மோனியமோ இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குறையில்லை.

மூன்றாம் படி: நேரமும் இடமும்

ஏற்கெனவே நடக்கும் ஒரு காரியத்தோடு ஜெபத்தை ஒட்டிவிடுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குச் சற்று முன் என்பது பல வீடுகளுக்குப் பொருந்துகிறது. சாப்பிட்ட பின் என்று வைத்தால் சின்னப் பிள்ளைகள் தூங்கி வழிவார்கள். டியூஷன் முடிந்து வரும் நேரம், இரவு ஷிப்டு கிளம்பும் நேரம் எல்லாம் பார்த்து, எல்லாரும் சேர்ந்திருக்கும் ஒரு கால் மணி நேரத்தைப் பிடியுங்கள். மாலையில் முடியவே முடியாத வீட்டில் காலை ஸ்கூல் வேன் வருமுன் பத்து நிமிடம் கிடைக்கும். இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் வாரத்தில் மூன்று நாள் என்று தொடங்கினாலும் போதும். தினமும் என்று வைராக்கியமாகத் தொடங்கி இரண்டாம் வாரத்தில் விட்டுவிடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இடம் எங்கேயும் இருக்கலாம், மாறாமல் இருந்தால் சரி. பாய், வேதாகமம், பாட்டுப் புத்தகம், ஆச்சியின் மூக்குக்கண்ணாடி எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். கண்ணாடியைத் தேடும் ஐந்து நிமிடத்தில்தான் பல வீடுகளில் டி.வி. மறுபடி உயிர்பெறுகிறது.

நான்காம் படி: கால் மணி நேரத்துக்கு ஓர் ஒழுங்கு

பாட்டில் தொடங்குங்கள். "எல்லாரும் வாருங்கள், ஜெபம்!" என்று வீடு முழுக்கக் குரல் கொடுப்பதற்குப் பதில், ஒருவர் பாயை விரித்துப் பல்லவியைப் பாட ஆரம்பித்தால் மற்றவர்கள் வந்து சேர்வார்கள். பாட்டே மணியடித்த மாதிரி ஆகிவிடும்.

அடுத்து ஒரு சங்கீதம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் 117இல் ஆரம்பியுங்கள். சங்கீதங்களிலேயே சிறியது, இரண்டே வசனம், முழுவதும் துதி. பிறகு 120 முதல் 134 வரை உள்ள பதினைந்து ஆரோகண சங்கீதங்கள். எருசலேமுக்குப் பண்டிகைக்காக ஏறிப்போன குடும்பங்கள் வழிநெடுகப் பாடியவை என்று இவற்றைச் சொல்வார்கள். ஊர்ப் பயணத்துக்கான இந்தப் பாடல்களின் நடுவில்தான் வீட்டைப் பற்றிய 127ஆம், 128ஆம் சங்கீதங்கள் இருக்கின்றன. பந்தியைச் சுற்றி ஒலிவக் கன்றுகள்போல் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் காட்சி 128இல் வருகிறது. அதை வாசிக்கும் நாளில் உங்கள் பிள்ளைகளுக்கு அந்த வசனத்தைக் காட்டுங்கள், தங்களைப் பற்றி வேதத்தில் எழுதியிருப்பதாகப் பூரித்துப்போவார்கள். ஆலயத்தில் செய்வதுபோல் ஒரு வசனம் ஒருவர், அடுத்த வசனம் எல்லாரும் என்று மாறி மாறி வாசிக்கலாம். 119ஆம் சங்கீதம் வந்ததும் மலைக்காதீர்கள். 176 வசனங்கள் எட்டெட்டாக 22 பகுதிகளாகப் பிரிந்திருக்கின்றன, நாளுக்கு ஒரு பகுதி போதும். வாசித்த பின் நீண்ட விளக்கம் வேண்டாம். பிள்ளை கேள்வி கேட்டால் அதற்குப் பதில் சொல்லுங்கள், பதில் தெரியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை போதகர் ஐயாவிடம் சேர்ந்து கேட்கலாம் என்று குறித்துவையுங்கள்.

பிறகு ஒவ்வொருவரும் அன்றைய நாளில் நன்றி சொல்ல ஒரு காரியம் சொல்ல வேண்டும். "எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம்" என்று பொதுவாகச் சொல்லி நழுவ விடாதீர்கள். தொலைந்த ரப்பர் கிடைத்தது, பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, முதலாளி இன்று கோபப்படவில்லை, சர்க்கரை அளவு குறைந்திருக்கிறது. இப்படிச் சின்னதாக, குறிப்பாக இருக்கட்டும். கூட்டத்தில் ஆயிரம் பேர் நடுவில் சொல்ல முடியாத நன்றி இது. நம் வீட்டாரின் நாள் எப்படிப் போனது என்று நமக்கே தெரியவருவதும் இங்கேதான். பிள்ளையின் ரப்பருக்காகத் தாத்தா நிஜமாகவே "ஸ்தோத்திரம்" என்று சொல்லும்போது, பிள்ளை இதை விளையாட்டாக நினைப்பதை விட்டுவிடும்.

ஒருவர் மட்டும் சுருக்கமாக ஜெபியுங்கள், நாளுக்கொருவராக முறை மாறட்டும். கர்த்தருடைய ஜெபத்தை எல்லாரும் சேர்ந்து சொல்லி, கிருபையின் வசனத்தோடு (2 கொரிந்தியர் 13:14) முடியுங்கள். முடிந்ததும் ஒருவருக்கொருவர் ஸ்தோத்திரம் சொல்லி, பெரியவர்கள் பிள்ளைகளின் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. உங்கள் வீட்டில் இல்லையானால் தொடங்குங்கள். தாவீது வீட்டுக்குத் திரும்பியது அதற்காகத்தான்.

ஜெபத்தில் யாரையும் கண்டிக்காதீர்கள்

குடும்ப ஜெபத்தின் மகிழ்ச்சியைக் கொல்லும் பழக்கம் ஒன்று உண்டு. நம் வீடுகளில் அது மிகச் சாதாரணம் என்பதால் வெளிப்படையாகவே சொல்கிறேன். கண்களை மூடிக்கொண்டு அப்பா ஜெபிக்கிறார்: "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு நல்ல புத்தியைக் கொடும். கணக்கில் மதிப்பெண் குறைந்துபோயிற்று. சாயங்காலமெல்லாம் விளையாட்டு. எதிர்த்துப் பேசுகிற நாவை அடக்கும்." பிள்ளை ஒரு கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்க்கிறது. அதன் காதில் விழுந்தது ஜெபமா? ஆண்டவரிடம் தன்னைப் பற்றிக் கோள் சொல்கிறார்கள் என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். மறுநாள் அதற்கு வயிற்றுவலி வரும், ஜெப நேரம் முடிந்ததும் சரியாகிவிடும்.

பெரியவர்களுக்குள்ளும் இது நடக்கிறது. மருமகள் காதில் விழ வேண்டியதை அத்தை ஜெபத்தில் சொல்வார். மருமகள் தன் முறை வரும்போது பொறுமையைத் தாரும் என்று அழுத்தமாகக் கேட்பார். நேருக்கு நேர் பேச வேண்டியதை நேருக்கு நேர் பேசுங்கள், மென்மையாக, வேறொரு நேரத்தில். மதிப்பெண்ணைப் பற்றிப் படிக்கும் மேசையில் பேசலாம். பாயில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கால் மணி நேரத்தில் ஒவ்வொருவரைக் குறித்தும் ஆண்டவருக்கு நன்றி மட்டுமே சொல்வது என்று பெற்றோர் இருவரும் முன்கூட்டியே ஒத்துக்கொள்ளுங்கள். "இவன் இன்று தங்கைக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டான், அதற்காக ஸ்தோத்திரம்" என்று ஒரு நாள் ஜெபித்துப் பாருங்கள். அந்தப் பிள்ளை இரண்டு கண்களையும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

"என் வீட்டிலே உத்தம இருதயத்தோடு நடந்துகொள்ளுவேன்" என்று 101ஆம் சங்கீதம் சொல்கிறது. பாட்டு முடிந்து ஐந்து நிமிடத்தில், குழம்பில் உப்புக் குறைந்ததற்காகத் தட்டைத் தள்ளிவிடுகிற வீட்டில் எந்தக் கீர்த்தனையும் நிற்காது. பிள்ளைகள் இரண்டையும் பார்க்கிறார்கள்.

வராதவர் ஒருவர் இருந்தால்

எல்லா வீட்டிலும் ஒரு மீகாள் இருக்கலாம். பதினாறு வயது மகன் அறையை விட்டு வர மாட்டான். கணவருக்கு இதெல்லாம் வேடிக்கையாகத் தெரியும். அவர்களை அதட்டிப் பாயில் உட்காரவைத்தால், பாடாத ஒரு வாய் மற்ற எல்லா வாய்களையும் அடைத்துவிடும். கதவைத் திறந்துவைத்துவிட்டு இருக்கிறவர்கள் பாடுங்கள். வளரும் பிள்ளைக்கு வேலை கொடுத்துப் பார்க்கலாம்: அடுத்த மாதப் பாட்டைத் தேர்ந்து தரச் சொல்லுங்கள், கிட்டார் தெரிந்தால் சுருதி பிடித்துத் தரச் சொல்லுங்கள். அவன் தேர்ந்தெடுத்த பாட்டு உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் அந்த மாதம் முழுவதும் மனமுவந்து பாடுங்கள்.

குடும்பத்தில் நீங்கள் ஒருவர் மட்டுமே சபைக்குப் போகிறவராக இருந்தால் உங்கள் நிலை வேறு, கடினமானது. மற்றவர்கள் தங்கள் முறைப்படி சாமி கும்பிடும் வீட்டில் நீங்கள் உரக்கப் பாடித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அவர்களுடைய வழிபாட்டு நேரத்தில் போட்டியாகப் பாடுவது வேண்டவே வேண்டாம். காலையில் காப்பி போடும்போது பல்லவியை வாய்க்குள் பாடுங்கள். மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது ஒரு சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்லுங்கள். விசுவாசம் இல்லாத கணவர்மாரைப் பற்றிப் பேசும்போது பேதுரு தமது முதல் நிருபத்தில், போதனையின்றியே மனைவியின் நடக்கை அவர்களை ஆதாயப்படுத்தும் என்றுதான் எழுதுகிறார். வீட்டாரோடு அன்பாக, கலகலப்பாக இருங்கள். சபையில் உள்ள ஒரு குடும்பம் வாரத்தில் ஒரு நாள் தங்கள் வீட்டு ஜெபத்துக்கு உங்களை அழைத்தால் தயங்காமல் போங்கள். அப்படி வாசலைத் திறந்துவைக்கும் குடும்பங்கள் சபைக்கு ஒன்றிரண்டாவது இருக்கும். இல்லாவிட்டால் போதகரம்மாவிடம் சொல்லிவையுங்கள்.

துக்க நாட்களில்

கடன்காரர் வந்துபோன நாளிலும் மருத்துவ அறிக்கை கையில் வந்த நாளிலும் கைதட்டிப் பாடச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள். மகிழ்ச்சியான துதி என்றால் சத்தமான துதி என்று பொருளில்லை. 13ஆம் சங்கீதத்தை எடுங்கள். எதுவரைக்கும், கர்த்தாவே, என்று நான்கு முறை கேட்கிற அந்தச் சங்கீதம் ஆறு வசனத்துக்குள் பாட்டில் வந்து முடிகிறது. அத்திமரம் துளிர்க்காமல், வயல் விளையாமல், தொழுவத்தில் மாடு இல்லாமல் போனாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்று ஆபகூக் பாடிய பகுதியையும் வாசிக்கலாம். விவசாயக் குடும்பத்தில் இதை வாசித்தால் விளக்கமே தேவையில்லை. பவுலும் சீலாவும் பிலிப்பி பட்டணத்துச் சிறையில் பாடியது அடிபட்ட முதுகோடு, நடு ராத்திரியில். விடியுமுன் சிறைக்காவலர் அவர்கள் காயங்களைக் கழுவி, தன் வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சாப்பாடு போட்டு, வீட்டார் அனைவரோடும் மகிழ்ந்தார். அப்படிப்பட்ட நாட்களில் தெரிந்த பாட்டை ஒருவர் மட்டும் மெல்லப் பாடட்டும், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

வீட்டிலிருந்து சபைக்கு

சில மாதம் போனதும் ஓட்டம் திரும்பும். சனிக்கிழமை இரவு ஜெபத்தில், மறுநாள் ஆராதனையில் பாடப்போகும் பாடல்களில் ஒன்றைப் பாடிப் பழகுங்கள். பாட்டு எண்களை முன்னதாகவே பாடகர் குழுவினரிடம் கேட்டுப் பெறலாம். மறுநாள் அந்தப் பாட்டு தொடங்கும்போது உங்கள் பிள்ளை நிமிர்ந்து உங்களைப் பார்க்கும் பார்வையை நீங்களே காணுங்கள். விளைச்சலுக்காக நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை வருகிறதென்றால், அதுவரை தினமும் சொன்ன நன்றிகளில் சிலவற்றைத் தாளில் எழுதிக் காணிக்கைக் கவரில் போட்டுக் கொண்டுபோகலாம். கிறிஸ்துமஸ் நாட்களில் கேரல் குழு நள்ளிரவில் வாசலில் வந்து பாடும்போது தூக்கக் கலக்கத்தில் நின்று கேட்பதோடு விடாமல், அவர்களோடு சேர்ந்து ஒரு பாட்டை முழுவதும் பாடி அனுப்புங்கள். பிறந்தநாள் ஸ்தோத்திர ஜெபத்துக்கு வருகிறவர்கள் முன்னால் பிள்ளைகளே பாட்டை எடுத்துக் கொடுக்கட்டும். "நீதிமான்களுடைய கூடாரங்களில் இரட்சிப்பின் கெம்பீரசத்தம் உண்டு" என்று 118ஆம் சங்கீதம் குறிப்பிடுவது மக்கள் குடியிருக்கும் கூடாரங்களை.

நாட்கள் விட்டுப்போகும். விருந்தாளி வருவார்கள், காய்ச்சல் வரும், ஊருக்குப் போக வேண்டியிருக்கும். ஒரு வாரம் முழுக்க ஜெபம் நடக்காமல் போனாலும் விட்ட சங்கீதங்களை எல்லாம் சேர்த்து ஒரே நாளில் வாசிக்க உட்காராதீர்கள். யார் தவறு என்று விசாரணையும் வேண்டாம். அன்றைக்குரிய சங்கீதத்தை எடுங்கள், பாயை விரியுங்கள். பல்லவியை எடுத்துக் கொடுக்கும் முறை இன்று யாருடையது என்று சின்னவனிடம் கேளுங்கள், அவன் கணக்கு வைத்திருப்பான்.